கொள்ளைக்காரனின் கல்லறையில் கிடப்பது யார்? டிஎன்ஏவும் வம்சாவளி ஆவணங்களும் கொண்டு பழங்கதையைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1882 ஏப்ரல் 3 காலை. அமெரிக்காவின் மிசோரி மாநிலம், செயின்ட் ஜோசப் நகரம். தாமஸ் ஹோவர்ட் என்ற பெயரில் குடியிருந்தவரை அவர் வீட்டுக்குள்ளேயே, தலைக்குப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார் ராபர்ட் ஃபோர்டு. செத்தவர் ஜெஸ்ஸி ஜேம்ஸ். வங்கியும் ரயிலும் கொள்ளையடித்த கும்பலின் தலைவர். மார்பில் இருந்த பழைய குண்டுத் தழும்புகளையும், நுனி இல்லாத இடது நடுவிரலையும் வைத்து உடலை அடையாளம் கண்டார்கள். ஆனாலும் ‘செத்தது ஜெஸ்ஸி இல்லை, ஆள் மாற்றிப் புதைத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு அடங்கவில்லை. 1948இல் ஜே. ஃபிராங்க் டால்டன் என்ற முதியவர் ‘நான்தான் ஜெஸ்ஸி’ என்று கிளம்பினார். 1951இல் டெக்சாஸ் மாநிலம் கிரான்பரியில் இறக்கும்வரை அதை விடவில்லை.

இப்படிப்பட்ட கதைகளைச் சோதிக்க ஒரு வரிசை இருக்கிறது. டிஎன்ஏ சோதனைக்கான எச்சில் குப்பி அந்த வரிசையில் நான்காவதாகத்தான் வரும். அதை முதலில் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் பணத்தையும் வருடங்களையும் தொலைக்கிறார்கள். கீழே வருவது பெரும்பாலும் ஜெஸ்ஸி ஜேம்ஸை வைத்துத்தான். ஆவணமும் எலும்பும் உயிரோடிருக்கும் உறவினரும் ஒருசேரக் கிடைத்த அரிய வழக்கு அது.

முதல் படி: கதையைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘ஜெஸ்ஸி தப்பித்துவிட்டார்’ என்பது கதை. அதை அப்படியே சோதிக்க முடியாது. அதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஜெஸ்ஸியுடையது என்று சொல்லப்படும் கியர்னி ஊர்க் கல்லறையில் இருக்கும் எலும்பு ஜெஸ்ஸியின் தாய்வழியைச் சேர்ந்ததா? டால்டன் ஜேம்ஸ் குடும்பத்தில் பிறந்தவரா? ‘எங்கள் எள்ளுத்தாத்தா ஜெஸ்ஸிதான்’ என்று சொல்லும் ஒரு குடும்பம் உண்மையில் அவர் வழியில் வந்ததா? ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் டிஎன்ஏ வேறு, ஒப்பிட வேண்டிய ஆள் வேறு, பதிலின் உறுதியும் வேறு.

ஒரு தாளில் கேள்வியை எழுதி, அதன் கீழேயே ‘எந்த முடிவு வந்தால் கதை பொய்?’ என்றும் எழுதிவையுங்கள். இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தயாராகவில்லை. புதையல் எங்கே, யார் காட்டிக்கொடுத்தார்கள், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தாரா என்பதற்கெல்லாம் டிஎன்ஏவில் பதில் இல்லை. அவற்றை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: காகிதம்

பாதிக் கதைகள் இங்கேயே உதிர்ந்துவிடும், செலவும் அதிகமில்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் இலவசம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களைத் தேடத்தக்க வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. மிசோரியில் 1910இலிருந்து மாநில அளவில் பதிவான இறப்புச் சான்றிதழ்கள், 50 ஆண்டு கடந்தவை, மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாகவே கிடைக்கின்றன.

கணக்கெடுப்பு ஏடுகளில் எந்த ஆண்டு எதைச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு தேடுங்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்தது 1850இலிருந்துதான். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஏட்டில் ஒரே வீட்டில் இருக்கும் பையனை ‘மகன்’ என்று நீங்களாக எழுதிக்கொண்டால் அது ஊகம். அண்ணன் மகனாகவோ வளர்ப்பு மகனாகவோ இருக்கலாம். பிறந்த மாதமும் ஆண்டும், ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்பதும் 1900 ஏட்டில் உண்டு. 1890 ஏடு, 1921இல் நடந்த தீ விபத்தின் விளைவாக, அநேகமாக முழுதும் போய்விட்டது. கதைகள் பெரும்பாலும் அந்த இருபது வருட இடைவெளிக்குள்தான் ஆளை மறைய வைக்கும். அதில் சதி தேடாதீர்கள். ஏடு எரிந்துபோனதால் எல்லோருமே அங்கே மறைந்துதான் போகிறார்கள்.

பெயர் மாற்றி வாழ்ந்தவர்களை உண்மைப் பெயரில் மட்டும் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஜெஸ்ஸி ஹோவர்ட் ஆனார், அண்ணன் ஃபிராங்க் உட்சன் ஆனார். மாற்றுப் பெயரில், மனைவியின் பெயரில், பிள்ளைகளின் வயதுச் சேர்க்கையில் என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். பெயரை மாற்றுகிறவர்களும் பிள்ளைகளின் வயது வரிசையை மாற்றுவது அபூர்வம்.

இறப்புச் சான்றிதழைப் படிக்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் ‘தகவல் தந்தவர்’ என்ற வரி. இறந்த தேதியும் காரணமும் மருத்துவர் எழுதுவது, அதை நம்பலாம். பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மாவின் பிறந்தகப் பெயர் ஆகியவை தகவல் தந்தவர் வாய்வழியாகச் சொன்னவை. அந்த இடத்தில் மருமகன் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ இருந்தால், தான் பிறப்பதற்கு முன் நடந்ததை அவர் எப்படி அறிவார்? ‘நான்தான் அந்தக் கொள்ளைக்காரன்’ என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவரின் சான்றிதழில் அதே பிறந்த தேதி இருப்பது சாட்சியம் ஆகாது. அவர் சொன்னதைத்தான் அதுவும் திருப்பிச் சொல்கிறது.

அடுத்து, இரண்டு பத்திக் காலவரிசை. இடது பக்கம் கொள்ளைக்காரர், வலது பக்கம் உரிமை கோருகிறவர். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஊர், அதைச் சொல்லும் ஆவணம், அந்த ஆவணம் எழுதப்பட்ட ஆண்டு. நான்காவது கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சம்பவம் 1881இல் நடந்திருக்கும், அதைச் சொல்லும் தாள் 1950இல் எழுதியதாக இருக்கும். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரர் தானே என்று சொன்ன ‘பிரஷி பில்’ ராபர்ட்ஸ் 1950இல் நியூ மெக்சிகோ ஆளுநரிடம் மன்னிப்பு கேட்கப் போனார். குடும்ப விவிலியத்தில் அவர் பிறந்த ஆண்டு 1879 என்று இருந்தது. பில்லி சுடப்பட்டது 1881 ஜூலை 14. அந்தக் கணக்கில் பிரஷி பில்லுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. இதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

மூன்றாம் படி: யாருடைய டிஎன்ஏ வேண்டும்?

மொத்த வேலையும் இந்தப் படியில்தான் நிற்கும் அல்லது விழும். எலும்பு எவ்வளவு நன்றாகக் கிடைத்தாலும், அதோடு ஒப்பிடச் சரியான உறவினர் உயிரோடு இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் எழுத்துவரிசை.

மூன்று வகை டிஎன்ஏவும் மூன்று வழியில் இறங்குகின்றன. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். மகள்கள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவார்கள். ஒய் குரோமோசோம் தகப்பனிலிருந்து மகனுக்கு. மற்றதெல்லாம் ஆட்டோசோமல், இரு பக்கமிருந்தும் வந்து தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். எள்ளுத்தாத்தாவிடமிருந்து சராசரி 6.25 சதவீதம்தான் உங்களிடம் இருக்கும்.

இதை ஜேம்ஸ் குடும்பத்தில் பொருத்திப் பாருங்கள். ஜெஸ்ஸிக்கு வளர்ந்து ஆளான பிள்ளைகள் ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு நான்கும் பெண் பிள்ளைகள். ஆக ஜெஸ்ஸியின் ஒய் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் ஃபிராங்கின் ஒரே மகனுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா ராபர்ட் ஜேம்ஸ் 1850இல் தங்க வேட்டைக் காலத்துக் கலிபோர்னியாவுக்குப் போய் அங்கேயே இறந்த பாதிரியார். ஒய் வேண்டுமென்றால் அவருடைய சகோதரர்களின், அதாவது ஜெஸ்ஸியின் பெரியப்பா சித்தப்பாக்களின், ஆண்வழி வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். அங்கே இன்னொரு தொல்லை: ஜேம்ஸ் என்பது வேல்ஸிலும் இங்கிலாந்திலும் அப்பா பெயரிலிருந்து தனித்தனியே பல இடங்களில் உருவான குடும்பப் பெயர். ஒரே பெயர் உள்ள இரண்டு ஜேம்ஸ்களுக்குள் ரத்த உறவு இருக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஜெஸ்ஸியின் சொந்தப் பிள்ளைகள் உதவமாட்டார்கள். அவர்களிடம் இருப்பது அவர்கள் தாயினுடையது. தேவைப்படுவது ஜெஸ்ஸியின் தாய் ஸெரெல்டாவின் டிஎன்ஏ. அதைச் சுமந்து வந்தவர் ஜெஸ்ஸியின் தங்கை சூசன். சூசனின் மகள், அவள் மகள் என்று பெண்களாகவே இறங்கும் வரிசையின் கடைசியில் நிற்பவர் ஆணாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஓர் ஆண் வந்தால் சங்கிலி அறுந்தது. ஸெரெல்டாவுக்கு மூன்றாவது திருமணத்தில், ரூபன் சாமுவேலுக்குப் பிறந்த பெண்களின் வரிசையும் இதற்குச் சமமாகச் செல்லும். அப்பா வேறாக இருப்பதை மைட்டோகாண்ட்ரியா கண்டுகொள்ளாது.

பெயர் பெற்ற ஆண் கொள்ளைக்காரரின் வழக்கை முடித்துவைப்பது பெரும்பாலும் யாரும் பேசாத ஒரு தங்கையின் மகள்கள்தான். நடைமுறையில் சிரமமும் அங்கேதான். ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடும். எனவே இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் திருமணப் பதிவு, மகளின் பிறப்பு அல்லது ஞானஸ்நானப் பதிவு, தாயின் பெயர் சொல்லும் இறப்புச் சான்றிதழ் என்று குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணம் வேண்டும். இரண்டாம் தாரத்தின் பிள்ளையை முதல் தாரத்தின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. அந்த ஒரு பிழை போதும், ஆய்வுக்கூட முடிவு முழுதும் தலைகீழாகிவிடும்.

பில்லி த கிட் விஷயத்தில் இந்தப் படியே கிடைக்கவில்லை. அவருடைய தாய் கேத்தரின் ஆன்ட்ரிம் 1874இல் சில்வர் சிட்டியில் இறந்தார். அங்கே கல்லறைகள் பின்னாளில் இடம் மாற்றப்பட்டவை, அவர் பெயர் உள்ள கல்லின் கீழ் அவர்தான் இருக்கிறாரா என்பதே சந்தேகம். சகோதரர் ஜோசப் 1930இல் டென்வரில் இறந்தபோது உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டது. பில்லி கிடக்கும் ஃபோர்ட் சம்னர் இடுகாட்டையும் 1904இல் பீகோஸ் ஆற்று வெள்ளம் புரட்டிப் போட்டது. 2003இல் கல்லறைகளைத் தோண்ட முயன்று, நீதிமன்றத்தில் எதிர்ப்பு வந்து, கைவிட்டார்கள். தோண்டியிருந்தாலும் எதோடு ஒப்பிடுவது? இப்படி ஒரு வழக்கு கையில் வந்தால் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

நான்காம் படி: உயிரோடிருப்பவர்களைச் சோதிப்பது

‘எங்கள் எள்ளுத்தாத்தா ஜெஸ்ஸிதான்’ என்ற மூன்றாம் கேள்விக்கு எலும்பே வேண்டாம். உரிமை கோரும் குடும்பத்தையும் ஆவணம் உள்ள ஜேம்ஸ் வாரிசுகளையும் ஆட்டோசோமல் சோதனையில் ஒப்பிட்டால் போதும். இங்கே ஒரே விதி: இருப்பதிலேயே மூத்தவரை முதலில் சோதியுங்கள். பேரன் உயிரோடிருக்கும்போது கொள்ளுப்பேரனின் எச்சிலை அனுப்புவது வீண். பாதித் தகவலை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதற்குச் சென்டிமார்கன் கணக்கு இருக்கிறது; இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவைச் சொல்லும் அலகு அது. தாத்தா பாட்டி ஒன்றாக உள்ளவர்கள் சராசரி 866, கொள்ளுத்தாத்தா பாட்டி ஒன்றாக உள்ளவர்கள் 229, அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் 73, இன்னும் ஒன்று மேலே 35. சராசரியைவிட எல்லைகள் முக்கியம்: இரண்டாவது வகையில் 41க்குக் கீழே போவதில்லை, மூன்றாவதில் பூஜ்யமும் நடக்கும், நான்காவதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொருத்தமே இருக்காது.

இதை வைத்து ஒரு நிலவரத்தைக் கணக்கிடலாம். உரிமை கோரியவருடைய சொந்தப் பேரன் உயிரோடிருக்கிறார். மறுபக்கம் ஜெஸ்ஸியின் ஆவணப்பூர்வமான கொள்ளுப்பேரன். கதை உண்மையென்றால் இருவருக்கும் ஜெஸ்ஸி பொது, மனைவி வேறு. இந்த உறவுக்குச் சராசரி 224, பதிவான கீழெல்லை 62. ஒரு சென்டிமார்கன்கூடப் பொருந்தவில்லை என்றால் கதை முடிந்தது. இதே சோதனையை இரண்டு பக்கமும் எள்ளுப்பேரன்களை வைத்துச் செய்தால் சராசரி 48க்கு இறங்கிவிடும், பூஜ்யம் வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. கேள்வியும் குடும்பமும் மாறவில்லை, சோதித்த தலைமுறைதான் மாறியது.

ஜேம்ஸ் குடும்பத்தில் இன்னொரு வலை. ஜெஸ்ஸி கட்டியது அத்தை மகளை; ஸீ மிம்ஸின் தாய் மேரி, ஜெஸ்ஸியின் அப்பாவுடன் பிறந்தவர். நம் ஊர்க் கணக்கில் முறைப்பெண். அதனால் இந்தத் தம்பதியின் வாரிசுகளிடம் ஜேம்ஸ் வீட்டு டிஎன்ஏ வழக்கத்தைவிட அதிகம். ஜெஸ்ஸியின் சித்தப்பா வழியில் வந்த ஒருவர்கூட இவர்களோடு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பொருந்தி, ஜெஸ்ஸியின் நேர் வாரிசு போலத் தோற்றம் தருவார். முறைமாமனைக் கட்டும் பழக்கமுள்ள குடும்பங்களின் மரத்தை வரைந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. பரிகாரம், குறைந்தது இரண்டு வேறு கிளைகளிலிருந்து ஆளெடுப்பது: ஒருவர் ஜெஸ்ஸியின் வாரிசு, இன்னொருவர் ஸெரெல்டாவின் பிறந்தகமான கோல் குடும்பத்தின் பக்கம். ஜெஸ்ஸி வழி வந்தவருக்கு இருபக்கமும் பொருத்தம் இருக்கும். சித்தப்பா வழி வந்தவருக்குக் கோல் பக்கம் ஒன்றும் இருக்காது.

சோதனைச் சில்லறை விவரங்கள்: எச்சில் குப்பிக்கு முன் அரைமணி நேரம் சாப்பாடு, தண்ணீர், பல் துலக்கல், சிகரெட் எதுவும் கூடாது. வயதானவர்களுக்கு எச்சில் சுரக்காது. அவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் குச்சி வரும் நிறுவனமாகப் பாருங்கள். ஒய், மைட்டோகாண்ட்ரியா இரண்டையும் தனியாகச் செய்ய ஃபேமிலிட்ரீடிஎன்ஏ நிறுவனம். ஒய்க்கு 37 குறியீடு தொடங்க மட்டும் போதும், முடிவு சொல்ல 111 அல்லது பிக் ஒய் என்ற விரிவான சோதனை வேண்டும். ஆட்டோசோமலுக்கு ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் பட்டியல்தான் பெரியது, ஆனால் வேறு இடத்துக் கோப்பை அது ஏற்காது. எனவே முதலில் அங்கே சோதித்து, மூலக் கோப்பைப் பதிவிறக்கி, ஜெட்மேட்ச் போன்ற ஒப்பீட்டுத் தளங்களில் ஏற்றலாம். 7, 8 சென்டிமார்கனுக்குக் கீழான துண்டுகளைத் தொடாதீர்கள். நிறையவும் பொய்ப் பொருத்தம். கதையை எப்படியாவது நிரூபிக்க நினைப்பவர்கள் கடைசியில் பிடித்துத் தொங்குவது அந்தச் சின்னத் துண்டுகளைத்தான்.

சோதிக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதில் ஒரு வரி கட்டாயம்: ‘உங்கள் அப்பா அல்லது தாத்தா யார் என்பதில் எதிர்பாராத தகவல் வரலாம்.’ மேற்கு ஐரோப்பியக் குடும்பங்களில் செய்த ஆய்வுகளின்படி பதிவான தகப்பன் வேறு, பெற்ற தகப்பன் வேறு என்பது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம். ஐந்தாறு தலைமுறைச் சங்கிலியில் அது கூடிக்கொண்டே போகும். ஒய் பொருந்தாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது கொள்ளைக்காரரை அல்ல, இடையில் உள்ள ஏதோ ஒரு தகப்பனை. ஒரே மூதாதையின் இரண்டு மகன்கள் வழியில் ஒவ்வொருவரைச் சோதித்தால் எந்தக் கண்ணியில் அறுந்தது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எலும்பு, பல், முடி

இது தனியாள் வேலை இல்லை. நெருங்கிய வாரிசுகளின் சம்மதம், நீதிமன்ற உத்தரவு, இடுகாட்டு நிர்வாகம், தடயவியல் மானுடவியலாளர், பழைய டிஎன்ஏவைக் கையாளும் ஆய்வுக்கூடம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் மண்ணில் கை வைக்கலாம். சரியான குழி இதுதான் என்று காட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் மறுக்கும். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் கல்லறையைத் தோண்டக் கேட்ட மனு 1995இல் பால்டிமோரில் தள்ளுபடியானதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழி தப்பினால் என்னாகும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 1991இல் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோவின் குழு பொலிவியாவின் சான் விசென்ட்டேயில் புட்ச் கேசிடி, சன்டான்ஸ் கிட் என்ற கொள்ளைக்காரர்களைத் தேடித் தோண்டியது. கிடைத்தது ஒரு ஜெர்மன் சுரங்கக்காரரின் எலும்பு. 2000இல் கிரான்பரியில் டால்டனின் பெயர் பொறித்த கல்லின் கீழ் தோண்டியபோது இருந்தது வேறொருவர். கல் நட்டவர்கள் அளந்து நடவில்லை. அதனால் தோண்டும் முன் இடுகாட்டுப் பதிவேடு, பழைய வரைபடம், தரையூடுருவும் ரேடார் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துக் குழிகளில் யார் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஜெஸ்ஸியின் விஷயம் இன்னும் சிக்கலானது. முதலில் குடும்பப் பண்ணையில் புதைத்தார்கள். 1902இல் கியர்னியின் மவுண்ட் ஆலிவெட் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது எல்லாமும் போய்ச் சேராது. பழைய குழியை 1978இல் தோண்டியபோது முடி கிடைத்தது. 1995இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்டார்ஸ் தலைமையில் மவுண்ட் ஆலிவெட்டைத் தோண்டினார்கள். எலும்புகள் மோசமாக நைந்திருந்தன. திரும்பத் திரும்பச் செய்தும் ஒரே வரிசை தந்தவை இரண்டு பற்களும், பண்ணைக் குழியின் இரண்டு முடிகளும்தான். ஆன் ஸ்டோன், மார்க் ஸ்டோன்கிங் ஆகியோர் செய்த அந்த ஆய்வில் நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தின. சூசனின் பெண்வழி வாரிசுகளோடும் பொருந்தின.

ஏன் பல்? எனாமல் ஒரு மூடி. ஈரமும் அமிலமும் எலும்பின் நுண்துளைகள் வழியே ஊறும்போதும் கடைவாய்ப் பல்லின் உள்ளே கொஞ்சம் தாங்கும். இன்றைய தேதியில் முதல் தேர்வு உட்காதைச் சுற்றியுள்ள கெட்டியான மண்டையெலும்பு, அடுத்தது கடைவாய்ப் பல், பிறகு தொடையெலும்பின் நடுத்தண்டு. அரை கிராம் பொடி போதும். ஏன் மைட்டோகாண்ட்ரியா? ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டே பிரதி. மைட்டோகாண்ட்ரியா நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். நூறு வருட மண்ணுக்குப் பிறகு எது மிஞ்சும் என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கு.

கையாளும் விதம்: இரட்டைக் கையுறை, முகமூடி. கழுவக் கூடாது. காற்றுப்புகா பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலரவிட்டுக் காகித உறையில் வையுங்கள். தொட்ட ஒவ்வொருவரின் டிஎன்ஏவையும் ஒப்பீட்டுக்கு எடுத்து வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திடம் கேட்க வேண்டியவை: மேற்பரப்பை ப்ளீச்சும் புற ஊதாக் கதிரும் கொண்டு சுத்தம் செய்கிறீர்களா, எலும்பே இல்லாத வெற்றுக் குழாயையும் கூடவே ஓட்டுகிறீர்களா, இரண்டு தனித்தனி மாதிரியிலிருந்து எடுக்கிறீர்களா, துண்டுகளின் முனையில் பழைய டிஎன்ஏவுக்கே உரிய, சி (C) என்ற எழுத்து டி (T) ஆக மாறும் சிதைவு தெரிகிறதா. பழைய துண்டுகள் பெரும்பாலும் நூறு எழுத்தைக்கூடத் தாண்டாது. ‘நீளமான, தெளிவான வரிசை வந்தது’ என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அது தோண்டியவரின் விரலாக இருக்கும்.

குடும்பத்தில் காத்த முடிக்கற்றை, கடித உறை போன்றவற்றுக்கு ஆசைப்படுவது இயல்பு. வேர் இல்லாத முடியில் மைட்டோகாண்ட்ரியா கிடைக்கும், நல்லதுதான். ஆனால் அந்தக் கற்றை எந்த ஆண்டு யார் கையில் இருந்தது என்ற சங்கிலி இல்லையென்றால் முடிவு யாருடைய முடிவு என்றே தெரியாது. உறையை ஒட்டியது எழுதியவரா, தபால் நிலையத்தில் இருந்தவரா?

எரித்தவர்களிடம் இதெல்லாம் செல்லாது. ஃபிராங்க் ஜேம்ஸ் 1915இல் இறந்தபோது உடலை எரித்து, சாம்பலைப் பல வருடம் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். அவரிடமிருந்து எடுக்க எதுவும் இல்லை. தகனம் வழக்கமாக உள்ள நம் பகுதிகளில் கொள்ளைக்காரர் கதைகளைச் சோதிக்க நினைப்பவர்களும் நான்காம் படியோடு நிற்க வேண்டியதுதான்.

ஆறாம் படி: முடிவைப் படிப்பது

மைட்டோகாண்ட்ரியா அறிக்கை, ஒப்பீட்டுக்கென வைத்துள்ள ஒரு பொது வரிசையிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்று மட்டும் சொல்லும். மொத்தம் 16,569 இடங்கள்; பழைய எலும்புகளில் வழக்கமாகப் படிப்பது 16,024இலிருந்து தொடங்கும் ஒரு துண்டும், 73ஐ ஒட்டிய இன்னொன்றும். ஜெஸ்ஸியின் வரிசை டி2 (T2) என்ற தாய்வழிப் பிரிவைச் சேர்ந்தது. 16,126ஆம் இடத்தில் டிக்குப் பதில் சி, 16,294இல் சிக்குப் பதில் டி என்பவை அந்தப் பிரிவின் அடையாளங்கள். இப்போது எலும்பின் பட்டியலையும் உறவினரின் பட்டியலையும் அருகருகே வைத்து எண்ணுங்கள். இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் உறவு இல்லை என்று ஒதுக்கலாம். ஒரே ஒன்று என்றால் முடிவு சொல்லக் கூடாது. இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கலாம். எல்லாம் பொருந்தினால்?

அங்கேதான் செய்தித்தாள்கள் சறுக்கும். ‘99.7 சதவீதம் ஜெஸ்ஸியேதான்’ என்று அப்போது பரவியது. 2001இல் வெளியான ஆய்வுக்கட்டுரை சொன்னது அதைவிட அடக்கமானது: இது ஜெஸ்ஸி, அல்லது தற்செயலாக அதே வரிசை கொண்ட உறவில்லாத ஒருவர். மைட்டோகாண்ட்ரியா ஆளைக் காட்டாது, தாய்வழியைக் காட்டும். ஜெஸ்ஸி, ஃபிராங்க், சூசன் மூவருக்கும் அது ஒன்றே. ஆனால் அதே குழியில், அதே வயதுடைய ஆணின் எலும்பு, வலது காதுக்குப் பின்னால் குண்டுத் துளை, 1882இன் சாட்சியங்கள் ஆகியவற்றோடு சேரும்போது தற்செயல் என்பதற்கு இடம் மிகக் குறுகிவிடுகிறது. டிஎன்ஏவை அந்தக் குவியலில் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும், அதன் உச்சியில் அல்ல.

ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரர் நெட் கெல்லியின் வழக்கு இதை இன்னும் துல்லியமாகக் காட்டும். 1880 நவம்பர் 11 மெல்பர்னில் தூக்கு. 1929இல் சிறை வளாகத்தை இடிக்கும்போது எலும்புகள் பென்ட்ரிட்ஜ் சிறைக்கு மாறின. ‘ஈ. கெல்லி’ என்று எழுதிய மண்டையோடு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டு, 1978இல் திருடுபோய், 2009இல் திரும்பி வந்தது. விக்டோரியா தடயவியல் மருத்துவக் கழகம் அதையும் பென்ட்ரிட்ஜில் கிடைத்த முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகளையும், கெல்லியின் சகோதரி வழிப் பெண்களின் வாரிசு ஒருவருடன் ஒப்பிட்டது. பெயர் எழுதியிருந்த மண்டையோடு பொருந்தவில்லை. பெயரில்லாத ஒரு பெட்டியில் இருந்த எலும்புக்கூடு பொருந்தியது. போலீசாரோடு நடந்த க்ளென்ரோவன் சண்டையில் பட்ட குண்டுக் காயங்களும் அதன் கால், முழங்கை எலும்புகளில் இருந்தன. 2011இல் அறிவித்தார்கள், 2013 ஜனவரியில் கிரெட்டாவில் குடும்பத்தார் அடக்கம் செய்தார்கள்.

எழுதி வைப்பது

அறிக்கையில் மூன்று சொற்களைக் கலக்காதீர்கள்: ‘விலக்கப்பட்டது’, ‘முரண்படவில்லை’, ‘அடையாளம் காணப்பட்டது’. பொருந்தாமைக்கு முதலாவது. டிஎன்ஏ மட்டும் பொருந்தினால் இரண்டாவது. காயம், இடம், வயது, ஆவணம் எல்லாம் சேர்ந்து பொருந்தினால் மட்டும் மூன்றாவது. உயிரோடிருப்பவர்களின் பெயரை எடுத்துவிட்டு ‘சூசன் வழி, நான்காம் தலைமுறை’ என்பது போல எழுதுங்கள். சங்கிலியின் ஆவண நகல்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். மூல டிஎன்ஏ கோப்பை நிறுவனத்தின் தளத்தில் மட்டும் விட்டுவிடாமல் உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது தங்கள் கோப்புகளை அவசரமாகப் பதிவிறக்க ஓடியவர்கள் ஏராளம். பொருந்தாத முடிவுகளையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்தவர் அதே குழியில் மறுபடி மண்வெட்டி வைக்காமல் இருக்க அது ஒன்றுதான் உதவும்.